திருகோணமலையில டைவிங்: எப்ப வாறது, எங்க இறங்கிறது, ஏறின பிறகு எங்க சுத்திறது – ஒரு முழு வழிகாட்டி

திருமலைக்கு டைவிங் பண்ண வாற ஆக்கள் எல்லாரும் முதல்ல கேக்கிற கேள்வி "எந்த இடம் நல்லம்?" எண்டுதான். அந்தக் கேள்வியை நாலாவதா கேளுங்க. முதல்ல காத்து, ரெண்டாவது உங்கட உடம்பும் பழக்கமும், மூண்டாவது உங்களைக் கூட்டிக்கொண்டு போற ஆக்கள். இந்த மூண்டும் சரி வந்தா இடம் தானா வந்து சேரும். படத்தைப் பாத்து இடத்தை முடிவு பண்ணி, லீவு கிடைச்ச மாசத்தில ரூம் போட்டு, கடைசில கரையில நிண்டு அலையைப் பாத்திட்டுத் திரும்பிப் போற குடும்பங்களை ஒவ்வொரு வருசமும் பாக்கிறம்.

படி 1: காத்தைப் பாருங்க

எங்கட பக்கத்துக் கடல் வருசத்தில கிட்டத்தட்ட பாதி நாள்தான் டைவிங்குக்குத் திறந்திருக்கும். ஏப்ரல் கடைசியில இருந்து செப்டெம்பர் முடியிற வரைக்கும் நம்பி வரலாம், ஒக்டோபர் முதல் கிழமைகள் அதிர்ஷ்டம், அதுக்குப் பிறகு வேணாம். நவம்பர்ல இருந்து பெப்ரவரி மட்டும் வாடைக்காத்து வடகிழக்கில இருந்து நேரா கரையில வந்து அடிக்கும், அதோட மழை, மழையோட மகாவலி. மகாவலி கங்கை கடல்ல விழுறது கொட்டியாரக் குடாவிலதான், மழைக்காலத்தில அது கொண்டு வாற கலங்கல் தண்ணி குடாப் பக்கம் முழுக்கப் பரவும். அந்த நேரம் இறங்கினாலும் உங்கட கையை நீட்டினா விரல் தெரியுமோ தெரியாதோ எண்ட நிலைமைதான், பெரும்பாலான டைவ் சென்டர்களும் அப்ப பூட்டித்தான் கிடக்கும்.

மே மாசத்துக்குப் பிறகு வாறது கச்சான். தென்மேற்குப் பருவக்காத்து மற்றப் பக்கத்தில மழையைக் கொட்டிட்டு மலையைத் தாண்டி எங்களிட்ட வரேக்க காஞ்சு, சூடாகி வரும். வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனா காத்து தரையில இருந்து கடல் பக்கம் அடிக்கிறபடியா கரையோரம் அலை எழும்பாது, தண்ணி தெளிவா இருக்கும். ஒரு நல்ல நாளில 20 மீட்டர் தூரம் வரைக்கும் தெரியும். தண்ணிச் சூடு 27ல இருந்து 30 பாகை, அதால 3 மில்லிமீட்டர் தடிப்பான வெட்சூட் (உடம்போட ஒட்டி நிக்கிற டைவிங் உடுப்பு) காணும்.

இதில ஒரு ஆபத்து இருக்கு, ஆக்கள் கவனிக்கிறதில்ல. கச்சான் அடிக்கேக்க கடல் குளம் மாதிரி தெரியும், பிள்ளையளை ரியூப்பில, காத்தடிச்ச மெத்தையில ஏத்தி விட்டிட்டு பெரியாக்கள் கரையில இருந்து கதைச்சுக்கொண்டு இருப்பினம், அந்தக் காத்து பிள்ளையை மெல்ல மெல்ல வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். அலை இல்லாத கடல் எண்டு நம்பிப் பிள்ளையை விடாதீங்க.

வந்த பிறகு ஒவ்வொரு நாளும் காலையில கேக்க வேண்டியது போட்காரரைத்தான். ஃபோன்ல இருக்கிற காத்து ஆப்பும் பாருங்க, ஆனா கடைசி வார்த்தை அவருடையது. "அண்ணை, இண்டைக்குக் கடல் எப்பிடி?" எண்டு கேட்டா அவர் உங்கட முகத்தைப் பாக்க மாட்டார், கடலைப் பாத்துக்கொண்டே சொல்லுவார், "தம்பி, வெள்ளன வாங்க, பத்து மணிக்குப் பிறகு காத்து ஏறும்." வெள்ளன எண்டா ஆறரை, ஏழு மணி. லீவில வந்து ஆறு மணிக்கு எழும்பிறதோ எண்டு முனகிற ஆக்களுக்கு திருமலை டைவிங் சரி வராது.

டிசம்பர் லீவுதான் கிடைச்சது எண்டா? அப்ப டைவிங்குக்கு மேற்கு, தெற்குக் கரைக்குப் போங்க. ஹிக்கடுவை, உனவட்டுன, கொழும்புக்கு வெளியில மூழ்கிக் கிடக்கிற கப்பல்கள், கற்பிட்டிப் பக்கம் எல்லாம் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்லா இருக்கும். இஞ்ச மூடினா அங்க திறக்கும், ஒரு சின்ன நாட்டில இருக்கிற ஆக்களுக்கு இது பெரிய வசதி.

படி 2: நீங்க யார் எண்டு முடிவு பண்ணுங்க

மூண்டு வகை ஆக்கள் வருவினம், மூண்டு பேருக்கும் இடம் வேற.

ஒண்டு, முகமூடி போட்டுத் தண்ணிக்கு மேல மிதந்து பாத்தாலே போதும் எண்ட ஆக்கள். அது ஸ்நோர்கலிங். நீச்சல் கொஞ்சம் தெரிஞ்சா நல்லம், தெரியாட்டி லைஃப் ஜாக்கெட் கட்டாயம், கூச்சப்படாதீங்க.

ரெண்டு, சேர்டிஃபிகேட் இல்லாம ஒருக்கா சிலிண்டர் போட்டு இறங்கிப் பாக்க ஆசைப்படுற ஆக்கள். இதை டிஸ்கவர் ஸ்கூபா எண்டு விப்பினம். பத்து வயசுக்கு மேல இருக்கோணும், ஆகக் கூடினது 12 மீட்டர் ஆழம், இன்ஸ்ட்ரக்டர் கையெட்டுற தூரத்தில இருப்பார். முதல் தடவைக்கு 12 வேணாம், ஆறேழு மீட்டரிலயே மீன் எல்லாம் இருக்கு, வெளிச்சமும் அங்கதான் நல்லம்.

மூண்டாவது, படிச்சு சேர்டிஃபிகேட் எடுக்கிற ஆக்கள், இல்லாட்டி ஏற்கனவே எடுத்த ஆக்கள். சேர்டிஃபிகேட் குடுக்கிறது பேடி, எஸ்எஸ்ஐ எண்டு ரெண்டு பெரிய அமைப்பு, எது எடுத்தாலும் உலகம் முழுக்கச் செல்லும், அதைப் பற்றி இரவிரவா விவாதம் பண்ணத் தேவையில்ல. ஓப்பன் வோட்டர் எண்ட முதல் கோர்ஸுக்கு மூண்டு நாலு நாள் வேணும், 200 மீட்டர் நீந்திக் காட்டோணும், பத்து நிமிசம் மிதக்கோணும், கடல்ல நாலு டைவ். முடிச்சா 18 மீட்டர் வரைக்கும் போகலாம், அடுத்த கோர்ஸ் அட்வான்ஸ்ட் எண்டா 30. தியரியை வீட்டில இருந்தே ஒன்லைன்ல முடிச்சிட்டு வந்தா இஞ்ச ஒரு நாள் மிச்சம்.

இனி உடம்பு. டைவ் சென்டர்ல ஒரு மெடிக்கல் ஃபோர்ம் தருவினம், கன பேர் எல்லாத்துக்கும் "இல்ல" எண்டு போட்டிட்டுக் கையெழுத்து வைக்கிறது. அப்பிடிச் செய்யாதீங்க. இழுப்பு, இருதய வருத்தம், வலிப்பு, காதில ஒப்பரேசன், நெஞ்சில ஒப்பரேசன், கர்ப்பம், இதில எது இருந்தாலும் வீட்டிலயே டொக்டரிட்டக் கேட்டிட்டு வாங்க, கர்ப்பம் எண்டா கேள்வியே இல்ல, வேணாம். தடிமன் இருந்தா அண்டைக்கு இறங்காதீங்க. பத்து மீட்டர் கீழ போனா உங்கட உடம்பில படுற அழுத்தம் மேல இருக்கிறதை விட ரெண்டு மடங்கு, மூக்கு அடைச்சிருந்தா அந்த அழுத்தத்தைக் காது சமன் பண்ணாது, செவிப்பறை கிழியும். மூக்கைப் பொத்தி மெதுவா ஊதி காதைத் திறக்கிறதை இறங்கத் தொடங்கின உடனயே செய்யோணும், நோகத் தொடங்கின பிறகு செய்தா பிந்திப் போச்சு. நொந்தா ஒரு மீட்டர் மேல ஏறி திரும்ப முயற்சி பண்ணுங்க.

மற்றது, இது ஒண்டை மட்டும் மறக்கக் கூடாது: சிலிண்டர்ல இருந்து மூச்செடுக்கேக்க ஒருக்காலும் மூச்சை அடக்கக் கூடாது. எங்கட பெடியளுக்கு இது கஷ்டம், சின்ன வயசில இருந்து மூச்சடக்கிச் சுழியோடித்தான் பழக்கம். ஆழத்தில நீங்க எடுத்த காத்து மேல வர வர விரியும், அடக்கி வச்சுக்கொண்டு ஏறினா நுரையீரல் தாங்காது.

படி 3: கூட்டிக்கொண்டு போற ஆக்களைத் தெரிவு பண்ணுங்க

நிலாவெளி, உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் சீசனுக்கு டைவ் சென்டர் வரிசையா இருக்கும். விலையை மட்டும் பாத்துத் தெரிவு பண்ண வேணாம் எண்டு எல்லாரும் சொல்லுவினம், அப்ப எதைப் பாக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்றதில்ல. நான் பாக்கிறது இதுகள்.

போட்ல ஒக்சிசன் சிலிண்டர் இருக்கா? டைவ் பண்ணுற சிலிண்டர்ல இருக்கிறது சாதாரண காத்து, நான் சொல்றது அவசரத்துக்கு மாஸ்க்கோட குடுக்கிற சுத்த ஒக்சிசன். இந்தக் கேள்வியைக் கேட்ட உடன முகம் மாறினா அடுத்த கடைக்கு நடவுங்க. ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தினை பேர்? முதல்தரம் இறங்கிற ஆக்கள் எண்டா ரெண்டு பேருக்கு ஒருத்தர் நல்லம், நாலுக்கு மேல போனா வேணாம். நீங்க இறங்கின பிறகு போட்ல ஒருத்தர் நிப்பாரா, இல்லாட்டி போட்டை நங்கூரம் போட்டிட்டு அவரும் மீன் பிடிக்கப் போயிருவாரா? இதுவும் கேக்க வேண்டிய கேள்விதான்.

சாமானைப் பாருங்க. ரெகுலேட்டரை (சிலிண்டர்க் காத்தை வாய்க்குத் தாற கருவி) வாயில வச்சு மூச்செடுங்க, எண்ணெய் மணம், புகை மணம் அடிச்சா அந்தக் காத்து கூடாது. சிலிண்டர்ல எவ்வளவு காத்து இருக்கு எண்டு காட்டுற கேஜ் 200 பார் கிட்டக் காட்டோணும், நீங்க ரெண்டு மூண்டு தரம் மூச்செடுக்கேக்க முள்ளு ஆடக் கூடாது, ஆடினா வால்வு முழுக்கத் திறக்கேல்ல எண்டு அர்த்தம். பிசிடி ஜாக்கெட்டுக்கு (காத்து ஏத்தி மிதக்கிற ஜாக்கெட்) காத்து ஏத்தி அஞ்சு நிமிசம் விட்டுப் பாருங்க, சப்பிப் போனா மாத்தித் தரச் சொல்லுங்க. மாஸ்க்கை பட்டி போடாம முகத்தில வச்சு மூக்கால இழுத்தா ஒட்டிக்கொண்டு நிக்கோணும். தாடி மீசை வச்ச ஆக்களுக்குத் தண்ணி கொஞ்சம் உள்ள வரத்தான் செய்யும், அதுக்குக் கடைக்காரரைப் பேசாதீங்க.

விலை கேக்கேக்க என்னென்ன அடங்கும் எண்டு கேளுங்க: சாமான் வாடகை, போட், புறாமலைத் தீவு எண்டா தேசிய பூங்கா டிக்கட், படம் எடுக்கிறது. பூங்கா டிக்கட் உள்ளூர் ஆக்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு வேற விலை, வித்தியாசம் பெரிசு. கனடா, லண்டன்ல இருந்து வாற எங்கட சனம் "நானும் திருமலைதானே" எண்டு டிக்கட் கவுண்டர்ல சண்டை பிடிக்கிறது, பிரயோசனமில்ல.

எல்லாத்துக்கும் மேல, உங்களுக்கு "இண்டைக்கு வேணாம்" எண்டு சொல்லத் தெரிஞ்ச ஆளா எண்டு பாருங்க. கடல் சரியில்ல, உங்களுக்குத் தடிமன், நேத்து இரவு குடிச்சிருக்கிறீங்க, இப்பிடி ஏதும் சொல்லிக் காசைத் திருப்பித் தாற ஆளிட்ட அடுத்த நாள் திரும்பப் போங்க.

பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஒரு விசயம். உடுப்பு மாத்த தனி இடம் இருக்கா எண்டு முதல்லயே ஃபோன்ல கேளுங்க. வெட்சூட்டுக்கு உள்ள லெகிங்ஸும் இறுக்கமான கை நீளமான ரீசேட்டும் போட்டா வசதியாவும் இருக்கும், வெயிலுக்கும் நல்லம். ஹிஜாப் போடுற ஆக்கள் நீச்சலுக்கெண்டே வாற தொப்பி போட்டு டைவ் பண்ணலாம், மாஸ்க் பட்டி அதுக்கு மேலால போகும்.

படி 4: இப்ப இடம்

புறாமலை. நிலாவெளிக் கரையில இருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், போட்ல பத்து பதினைஞ்சு நிமிசம். மாடப்புறா கூடு கட்டுற பாறைத் தீவு, அதால இந்தப் பேர். 1963ல சரணாலயமாக்கி, 2003ல தேசிய பூங்காவாக்கினது, வனஜீவராசிகள் திணைக்களம்தான் பாக்குது. வெள்ளைக்காரன் காலத்தில சுட்டுப் பழகிற இடமா வச்சிருந்தாங்கள். தீவில ரெண்டு பக்கமும் இறங்கலாம், ஒரு பக்கம் முருகைக்கல், மற்றப் பக்கம் சுறா. சுறா எண்ட உடன பயப்பட வேணாம், செட்டை நுனி கறுப்பா இருக்கிற சின்னச் சுறா, உங்களைக் கண்டா அதுதான் முதல்ல திரும்பும். வெள்ளன போனா ஆழம் குறைஞ்ச தண்ணியிலயே நாலைஞ்சு ஒண்டா ஓடுறதைப் பாக்கலாம். ஆமை, கிளிமீன், வண்ணாத்தி மீன், பாறை இடுக்கில வாயைத் திறந்து திறந்து மூடுற அஞ்சாலை எல்லாம் இருக்கு. அஞ்சாலை மூச்செடுக்கத்தான் அப்பிடி வாயைத் திறக்கிறது, கடிக்கப் போகுது எண்டு நினைக்காதீங்க, கையை இடுக்குக்குள்ள மட்டும் விடாதீங்க.

என்ர அபிப்பிராயம், புறாமலை ஸ்நோர்கலிங் இடம். சேர்டிஃபிகேட் இருக்கிற ஆக்கள் அங்க ஒரு டைவ் போட்டாக் காணும். சனி, ஞாயிறு, போயா லீவு நாள்ல போகவே போகாதீங்க, முருகைக்கல்லுக்கு மேல சனம் ஏறி நிண்டு செல்ஃபி எடுக்கும், பாக்கப் பாக்க வயிறு எரியும். முருகைக்கல் உயிருள்ள சாமான், ஒரு வருசத்தில வளர்றது சில மில்லிமீட்டர்ல இருந்து சில சென்டிமீட்டர்தான், ஒரு மிதியில உடைஞ்சா உடைஞ்சதுதான். ஏற்கனவே கடல் சூடாகி வெளிறிப் போற வருத்தம் வேற அதுக்கு, 2016ல உலகம் முழுக்க நடந்த மாதிரி இஞ்சயும் அடி விழுந்தது. நிக்கோணும் எண்டா மணல்ல நில்லுங்க. சன்கிரீம் பூசிறதுக்குப் பதிலா கை நீளமான உடுப்பு போடுங்க. பொலித்தீன் பை கொண்டு போக விட மாட்டினம், சாப்பாட்டைப் பெட்டியில கட்டுங்க.

சுவாமிமலை. கோணேசர் கோயில் நிக்கிற மலை அப்பிடியே செங்குத்தாக் கடலுக்குள்ள இறங்குது, அந்த அடிவாரம்தான் டைவ் இடம். திருமலையில எனக்கு ஒரே ஒரு டைவ்தான் எண்டா இதைத்தான் எடுப்பன். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622ல இடிச்சுக் கடல்ல தள்ளினாங்கள். 1956ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரின்ட கூட்டாளி மைக் வில்சனும் இஞ்ச சுழியோடேக்க தூண், செதுக்கின கல் எல்லாம் கடலடியில கிடக்கிறதைக் கண்டு வெளியில சொன்னாங்கள். இண்டைக்கும் பாறைக்கும் பாறைக்கும் இடையில மனுசக் கை பட்ட கல்லை அடையாளம் காணலாம், மூலைகள் நேரா இருக்கும், கடல் அப்பிடிக் கல்லு வெட்டாது. மேல பார்த்தா பாறையில வெடிச்ச இராவணன் வெட்டு, அதுக்கும் மேல கோபுரம். கல்லைத் தொடாதீங்க, எடுக்கிற எண்ணமே வேணாம், அது பாடல் பெற்ற தலத்தின்ட கல்லு, சட்டப்படியும் பிழை. இஞ்ச ஆழமும் நீரோட்டமும் கூட, பாறைக்கு அடிச்சுத் திரும்பிற அலையும் இருக்கு, அதால முதல்தரம் இறங்கிற ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு ஒருத்தர் சொன்னா, படி 3க்குத் திரும்பிப் போங்க.

இறக்கக்கண்டி. நிலாவெளிக்கு வடக்க. இஞ்ச ஒரு மூழ்கின கப்பல் ஆழம் குறைஞ்ச இடத்தில கிடக்கு, புதுசா சேர்டிஃபிகேட் எடுத்த ஆக்களுக்கு முதல் கப்பலைப் பாக்க நல்ல இடம். இரும்புக்குள்ள களவாய் மீன், சிங்கி இறால் ஒளிச்சுக்கொண்டு இருக்கும். டோர்ச் ஒண்டு கேட்டு வாங்குங்க. உள்ள பூரக் கூடாது, வெளியில சுத்திப் பாத்தாப் போதும்.

உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வெளியில இன்னும் கனக்கப் பாறைகள் இருக்கு, ஒவ்வொரு டைவ் சென்டரும் தங்கட பாட்டுக்குப் பேர் வச்சிருக்கும், பேரைப் பாத்து ஏமாறாதீங்க, ஆழம் எவ்வளவு, ஓட்டம் எப்பிடி எண்டு கேளுங்க.

பழைய தகவல்களை நம்பி வாற ஆக்களுக்கு: துறைமுகத்துக்குள்ள கிடந்த சகாயிங் கப்பலை இனித் தேட வேணாம். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டதில அடிபட்ட கப்பல் அது, 2018ல கடற்படை அதைத் தூக்கி அப்புறப்படுத்திப் போட்டுது. அதே நாள் குண்டில மூழ்கின பெரிய கப்பல், எச்எம்எஸ் ஹேர்மிஸ் விமானந்தாங்கி, திருமலையில இருந்து வெளிக்கிட்டுப் போனதுதான், ஆனா கிடக்கிறது மட்டக்களப்புக்கு வெளியில. 50 மீட்டரையும் தாண்டின ஆழம், டெக்னிக்கல் டைவிங் படிச்ச ஆக்களுக்கு மட்டும். 307 பேர் செத்த இடம், அதையும் நினைவில வச்சுக்கொண்டு இறங்குங்க. அதே நாள் மூழ்கின பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ட எண்ணெய்க் கப்பல் 24 மீட்டர் அளவில கிடக்கு, பாசிக்குடாப் பக்கம் இருந்து போகலாம், அட்வான்ஸ்ட் இருந்தாப் போதும்.

படி 5: நாளை அடுக்குங்க – டைவ் முதல்ல, மலை கடைசில

இதிலதான் கன பேர் கோட்டை விடுறது, அதால கொஞ்சம் விரிவாச் சொல்றன்.

டைவ் பண்ணேக்க உடம்புக்குள்ள நைதரசன் கரையும். மெதுவா ஏறி, 5 மீட்டர்ல மூண்டு நிமிசம் நிண்டு மேல வந்தாலும் முழுக்க வெளியேற நேரம் எடுக்கும். அதுக்குள்ள காத்தழுத்தம் குறைஞ்ச இடத்துக்குப் போனா குமிழியாகி மூட்டிலயும் நரம்பிலயும் நிக்கும். அதாலதான் ஒரு டைவ் பண்ணினா 12 மணித்தியாலம், ரெண்டு மூண்டு டைவ் பண்ணினா 18 மணித்தியாலம் விமானம் ஏறக் கூடாது எண்டு சொல்றது, 24 எண்டு வச்சுக்கொண்டா ஒரு யோசனையும் இல்ல. சீனக்குடாவில இருந்து ஏறிற சின்ன விமானத்துக்கும் இது பொருந்தும்.

விமானம் எல்லாருக்கும் தெரியும், மலை தெரியாது. காலையில நிலாவெளியில டைவ், மத்தியானம் வான்ல ஏறி இரவுக்கு நுவரெலியா எண்டு பிளான் போடுற குடும்பங்கள் கனக்க. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், டைவருக்கு அதுவும் விமானம்தான். எல்ல, பதுளைப் பக்கமும் அப்பிடித்தான். 300 மீட்டருக்கு மேல போற எந்த இடத்துக்கும் அதே கணக்கைப் பாருங்க, கண்டிகூட 500 மீட்டர் கிட்ட. சிகிரியா உச்சியே கடல் மட்டத்தில இருந்து கிட்டத்தட்ட 350 மீட்டர், அதோட படி ஏறிற களைப்பு வேற. கொழும்புக்கு உடன திரும்பத்தான் வேணும் எண்டா ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் பாதையால போங்க, அது தாழ்வான றோட்டு, கண்டியைச் சுத்தாதீங்க. மலைநாடு பாக்க ஆசை எண்டா அதை முதல்ல பாத்திட்டு கடைசியா எங்களிட்ட வாங்க, இல்லாட்டி டைவுக்குப் பிறகு ஒரு முழு நாள் திருமலையில நில்லுங்க. அந்த ஒரு நாளைக்கு இஞ்ச பாக்க இருக்கிற எல்லாம் கடல் மட்டத்துக்குக் கிட்டத்தான் இருக்கு, நல்ல காலம்.

காலையில கோணேசர் கோயில். பிரட்ரிக் கோட்டை வாசலால உள்ள போகோணும், வழியில புள்ளிமான் மேயும், கச்சான் கொட்டை வாங்கிக் குடுக்கிற ஆக்களைப் பாப்பீங்க, பொலித்தீனோட எறியாதீங்க. நேத்துக் கீழ இருந்து பாத்த இராவணன் வெட்டை இப்ப மேல இருந்து பாக்கலாம். வெயில் ஏற முதல் போங்க, வெறுங்காலோட கல்லில நடக்கோணும்.

அடுத்தது கன்னியா. டவுன்ல இருந்து அனுராதபுரம் றோட்டால, எட்டு கிலோமீட்டர் மட்டில. ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொண்டிலயும் சூடு வேற வேற, இராவணன் தாயின்ட கிரியைக்காக வாளால குத்தினது எண்டு கதை. வாளியால அள்ளித்தான் குளிக்கிறது. டைவ் முடிஞ்ச அதே நாள் சுடுதண்ணியில ஊறாதீங்க, அடுத்த நாள் போங்க, உடம்பு திடீரெண்டு சூடாகிறதும் குமிழிக்கு உதவி செய்யும். கன்னியாப் பக்கம் போனா இன்னும் கொஞ்சம் உள்ள வில்கம் விகாரையையும் பாருங்க. சோழர் காலத்தில ராசராசப் பெரும்பள்ளி எண்டு பேர் வச்ச பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கு, காடு சூழ்ந்த அமைதியான இடம். டைவிங் பாக்க வாற ஆக்கள் நூற்றில ஒருத்தரும் போறதில்ல.

முழு நாள் இருக்கு எண்டா வடக்க புல்மோட்டை றோட்டைப் பிடியுங்க. எனக்குப் பிடிச்ச ஓட்டம் இதுதான். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு, குச்சவெளி, திரியாய் எண்டு போய் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர்ல அரிசிமலை. மணல் அரிசி மணி மாதிரி உருண்டை உருண்டையா இருக்கும், கையில எடுத்தா விரலுக்குள்ளால வழுகும். பாறைகள் நடுவில குளிக்க ஆசை வரும், ஓட்டம் இருக்கு, கரையோட நில்லுங்க. கடை கண்ணி குறைவு, தண்ணியும் சாப்பாடும் கொண்டு போங்க, குப்பையைத் திருப்பிக் கொண்டு வாங்க.

சின்னப் பிள்ளையள் இருந்தா சீனக்குடாப் பக்கம் மார்பிள் பீச், விமானப்படை பாக்குது, உள்ள போகக் காசு. குடாவுக்குள்ள இருக்கிறபடியா அலை இல்ல. அழகுதான், ஆனா லீவு நாள்ல பஸ் பஸ்ஸா வருவினம். அதை விட கிண்ணியாப் பாலத்தால மூதூர் பக்கம் பின்னேரம் ஒரு ஓட்டம் நல்லம். 2009ல பாலம் திறக்க முதல் 'பாதை' எண்டு சொல்ற மிதவையில ஏறித்தான் தண்ணியைக் கடந்தது, அந்தக் கதையை ஓட்டோக்காரரிட்டக் கேளுங்க, கிண்ணியா ஆளெண்டா முழுக்கச் சொல்லுவார்.

திமிங்கிலம் பாக்கிறதைப் பற்றி: திருமலைக்கு முன்னால கடலடியில பெரிய பள்ளத்தாக்கு ஒண்டு கரைக்குக் கிட்ட வருது, அதாலதான் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இஞ்ச கரையில இருந்து அதிகம் தூரம் போகாமலே தெரியுது. மார்ச்சில இருந்து ஓகஸ்ட் வரைக்கும் பாக்கலாம், காணுறதுக்கு ஒருத்தரும் உத்தரவாதம் தர ஏலாது, தாறன் எண்டு சொல்ற போட்டில ஏறாதீங்க. 100 மீட்டருக்குக் கிட்டத் துரத்திக்கொண்டு போற போட்டிலயும் ஏறாதீங்க.

படி 6: சில்லறை விசயங்கள், ஆனா தேவை

டைவுக்கு முதல் நாள் இரவு குடி வேணாம், கொத்து ரொட்டியை அமுக்கி அமுக்கிச் சாப்பிடுறதும் வேணாம். காலையில ரெண்டு இடியப்பம், வாழைப்பழம், இஞ்சி போட்ட பிளேன்ரீ காணும். போட்ல தலை சுத்திற ஆக்கள் அதுக்குரிய குளிசையை டொக்டரிட்டயோ பாமசியிலயோ கேட்டு ஏற முதலே போடுங்க, சத்தி வரத் தொடங்கின பிறகு போட்டு வேலையில்ல. தண்ணி நல்லாக் குடியுங்க.

கீழ போன பிறகு 50 பார் மிச்சம் இருக்கேக்க நீங்க போட்டுக்குக் கிட்ட இருக்கோணும், அப்பத்தான் ஏறத் தொடங்கலாம் எண்டு நினைக்காதீங்க. 100 பார்ல இன்ஸ்ட்ரக்டருக்குக் கையால காட்டுங்க.

மேல வந்த பிறகு மூட்டு நோ, கை கால் விறைப்பு, தோல்ல சிவப்பு, வழமைக்கு மாறான களைப்பு, தலைச்சுத்து இருந்தா "வெயில்தான்" எண்டு சமாளிக்காதீங்க. படுக்க வச்சு ஒக்சிசன் குடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும். எங்கட பக்கத்தில சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கிற பெடியள் சிலர் திரும்பக் கீழ இறங்கினா நோ குறையும் எண்டு இறங்கிறது, அதைப் பாத்துப் பழகாதீங்க, ஆள் முடங்கிப் போன கதைகள் இருக்கு. அழுத்தம் குடுத்துச் சிகிச்சை செய்யிற சேம்பர் திருமலைக் கடற்படைத் தளத்தில இருக்கு, ஆஸ்பத்திரியால அங்க அனுப்புவினம். டைவ் இன்சூரன்ஸ் எடுத்து வச்சா நல்லம், சாதாரண பயண இன்சூரன்ஸ் பலதில டைவிங் அடங்காது, சின்ன எழுத்தை வாசியுங்க.

தங்கிற இடம் எண்டா, டைவிங்தான் முக்கியம் எண்டா நிலாவெளி, டவுனும் கோயிலும் சாப்பாட்டுக் கடையும் கிட்ட வேணும் எண்டா உப்புவெளி. ரெண்டுக்கும் இடையில புல்மோட்டை பஸ் ஓடும், ஓட்டோவும் இருக்கு. ஓகஸ்ட்ல ரூம் விலை ஏறும், மே, ஜூன்ல வந்தா கடலும் நல்லம், காசும் மிச்சம். கொழும்பில இருந்து இரவு ரயில் இருக்கு, ஆனா அதில வந்து இறங்கின காலையிலயே டைவ் போடாதீங்க. நித்திரை இல்லாத உடம்போட இறங்க வேணாம், அண்டைக்கு கடல்ல காலை நனைச்சிட்டு, மெடிக்கல் ஃபோர்மை ஆறுதலா நிரப்பி, மாஸ்க்கைப் போட்டுப் பாத்து எடுத்து வச்சிட்டு, ஒம்பது மணிக்குப் படுங்க.